கூரை ஏன் பறக்கிறது? புயல் காலத்துக்கு வீட்டை ஆயத்தம் செய்வோம்

ஐப்பசி பிறந்ததும் வானொலியில் “தென்கிழக்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு” என்ற சொற்கள் அடிக்கடி காதில் விழத் தொடங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகக் கடற்கரைக்குப் புயல் காலம். கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் வேதாரண்யத்திலும் வாழும் மாணவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ‘தானே’ (2011), ‘கஜா’ (2018) என்று பெயரைச் சொன்னாலே அவர்களிடமிருந்து ஆளுக்கொரு வீட்டுக் கதை வரும்.

புயலுக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் பலரும் மெழுகுவத்தி, தீப்பெட்டி, அரிசி, பருப்பு என்று அடுக்குவார்கள். அவை வேண்டியவைதாம். ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நம் வீட்டைத் தாக்கப் போவது எது? அதன் பலம் எவ்வளவு? வீட்டின் எந்த இடம் முதலில் விட்டுக்கொடுக்கும்? இவற்றைத் தெரிந்துகொள்ள உங்கள் பள்ளி இயற்பியல் பாடமே போதும். கையில் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்று தரும் அழுத்தம்

காற்றுக்கு எடை உண்டு. ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோ கிராம். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும் என்று படித்திருக்கிறீர்கள். வீசும் காற்றைச் சுவர் தடுத்து நிறுத்தும்போது, அந்த ஆற்றல் அழுத்தமாகச் சுவரின் மேல் விழுகிறது. 1.2-இல் பாதி 0.6 அல்லவா? எனவே,

அழுத்தம் = 0.6 × வேகம் × வேகம்

வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், அழுத்தம் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். 9.8 நியூட்டன் என்பது ஒரு கிலோ கிராம் எடை. இந்தச் சிறு வாய்பாட்டைத்தான் பொறியாளர்களும் கட்டடங்களின் காற்றுச் சுமையைக் கணக்கிடப் பயன்படுத்துகிறார்கள்.

மணிக்கு 50 கி.மீ. வேகக் காற்று என்றால் வினாடிக்கு 13.9 மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோ எடை. வேகம் மணிக்கு 100 கி.மீ. ஆனால் அழுத்தம் எவ்வளவு? 24 கிலோ என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 47 கிலோ! 150 கி.மீ. வேகத்தில் 106 கிலோ, 200 கி.மீ. வேகத்தில் 189 கிலோ.

புயலுக்கும் கடும் புயலுக்கும் உள்ள வேறுபாடு இதில் தெளிவாகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை, காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தை எட்டியதும் அதைப் புயல் என்றும், 89 கி.மீ. எட்டியதும் கடும் புயல் என்றும், 118 கி.மீ. எட்டியதும் மிகக் கடும் புயல் என்றும் வகைப்படுத்துகிறது. செய்தியில் கேட்க 62, 118 ஆகிய எண்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் இல்லை என்று தோன்றலாம். கூரைக்கோ அது மூன்றரை மடங்குச் சுமை. “போன புயலையே தாங்கிய வீடு இது” என்று தாத்தா சொன்னால், போன புயலின் வேகம் என்ன என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

காற்று கூரையை அழுத்துவதில்லை, தூக்குகிறது

காற்றுக்கு எதிரே நிற்கும் சுவரின் மேல் அழுத்தம் விழுகிறது. கூரையின் நிலை வேறு. சுவரில் மோதிய காற்று மேலெழும்பிக் கூரையின் விளிம்பைத் தாண்டி விரைந்து ஓடுகிறது. அப்போது சரிவு குறைந்த கூரையின் மேற்பரப்பில் அழுத்தம் குறைந்து, கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. இந்த உறிஞ்சு விசை, நாம் மேலே கணக்கிட்ட அழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கலாம். இறவாணத்திலும் கூரையின் மூலைகளிலும் அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருக்கும். புயலடித்த ஊர்களில் கூரைத் தகடுகள் மூலையிலிருந்து உரியத் தொடங்குவது இதனால்தான்.

4 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் உள்ள ஒரு தகரக் கூரையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 20 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 6 கிலோ என்று கொண்டால் கூரையின் எடை 120 கிலோ. மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்று அதை 47 × 20 = 940 கிலோ விசையுடன் மேலே இழுக்கிறது. எடைபோக மீதி 820 கிலோவை யார் பிடித்துக்கொள்வது? தகரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கொக்கித் திருகாணிகள்தாம்! ‘ஜே போல்ட்’ என்று கடையில் கேட்டு வாங்குவோமே, அவை. இருபது இருந்தால் தலைக்கு 41 கிலோ. பத்து துருப்பிடித்துப் போயிருந்தால் மீதிப் பத்துக்கும் 82 கிலோ வீதம் சுமை கூடும். அவற்றுள் ஒன்று விட்டால் அதன் பங்கும் பக்கத்தில் உள்ளதன் தலையில் விழும். அப்புறம் நடப்பதை நீங்களே ஊகிக்கலாம்.

கூரைமேல் நாலைந்து கருங்கற்களைத் தூக்கி வைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. 820 கிலோவுக்கு எதிரே ஐந்து கல் எம்மாத்திரம்? காற்றில் உருண்டு கீழே நிற்பவர் தலையில் விழுவதைத் தவிர அவற்றால் ஆகப் போவது ஒன்றுமில்லை. கூரைக்குப் பளுவை ஏற்றுவதைவிட அதை இறுக்கிக் கட்டுவதே பயன் தரும்.

செய்து பாருங்கள்

ஒரு செருப்பு அட்டைப் பெட்டியின் மூடியை எடுத்துவிடுங்கள். பெட்டியின் மேல், எல்லாப் பக்கமும் இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருக்குமாறு ஒரு தடித்த தாளை வையுங்கள். இது கூரை. தாள் நழுவாதபடி இரண்டு மூலைகளில் மட்டும் சிறிது பசைநாடா ஒட்டுங்கள். பெட்டி நகராதிருக்க உள்ளே இரண்டு சிறு கற்களைப் போடுங்கள். இப்போது மேசை மின்விசிறியைப் பெட்டிக்கு எதிரே வைத்து ஓட விடுங்கள். தாள் படபடக்கிறதா?

அடுத்து, விசிறியைப் பார்த்த பக்கத்தில் கதவுபோல் ஒரு பெரிய துளை வெட்டி மறுபடியும் ஓட விடுங்கள். தாள் முன்னைவிட அதிகமாகத் தூக்கும். உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றிக் கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது. மேலே உறிஞ்சுதல், கீழே தள்ளுதல். இரண்டும் ஒரே திசையில்! பிறகு எதிர்ப்பக்கத்திலும் அதே அளவில் ஒரு துளை வெட்டிப் பாருங்கள். கூரையின் துடிப்பு தணியும்.

நம் தகர வீட்டில் காற்றுப் பக்கத்துக் கதவு உடைந்தால் என்ன ஆகும்? உள்ளழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் பத்தில் ஏழு பங்கு வரை ஏறலாம். 940 கிலோ இழுவையோடு இன்னொரு 660 கிலோ சேர்ந்துகொள்ளும். ஆகவே கூரையைக் காப்பாற்றும் முதல் பொருள் கதவின் தாழ்ப்பாள்தான். 2 சதுர மீட்டர்க் கதவின் மேல் 100 கி.மீ. காற்று 94 கிலோ விசையைச் செலுத்தும். சின்ன அலுமினியத் தாழ்ப்பாள் அதைத் தாங்காது. மேலும் கீழுமாகத் தடித்த இரும்புத் தாழ்ப்பாள்களும், குறுக்கே போட ஒரு மரச்சட்டமும் வேண்டும். கண்ணாடிச் சன்னல்களுக்கு வெளிப்புறம் பலகை அடிப்பது நல்லது.

“புயலின்போது காற்றழுத்தம் குறைவதால் வீடு வெடித்துவிடும், எல்லாச் சன்னல்களையும் திறந்து வையுங்கள்” என்று சிலர் சொல்வதுண்டு. கணக்கைப் பார்த்தால் இதில் உண்மை இருப்பதுபோல் தோன்றும். புயல் மையத்தில் அழுத்தம் 40 மில்லிபார் குறைந்தால் அது சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கும் மேல்! ஆனால் நம் வீடு மூடியிட்டு அடைத்த போத்தல் அன்று. அழுத்தம் பல மணி நேரத்தில் படிப்படியாகக் குறைகிறது. அதற்குள் கதவிடுக்கு, ஓட்டிடுக்கு வழியாக உள்ளழுத்தமும் சமமாகிவிடும். எனவே சன்னல்களை மூடியே வைக்க வேண்டும். காற்றடிக்கும் பக்கம் ஏதேனும் உடைந்துவிட்டால் மட்டும் எதிர்ப்பக்கச் சன்னல் ஒன்றைத் திறப்பது உதவும். பெட்டிச் சோதனையின் கடைசிப் பகுதி நினைவிருக்கிறதல்லவா?

புரட்டாசியில் முடிக்க வேண்டிய வேலைகள்

புயல் எச்சரிக்கை வந்தபின் கூரைமேல் ஏறுவது ஆபத்து. மழை தொடங்கு முன்பே, புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பெரியவர்களோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரைத் தகடு, அதைத் தாங்கும் சட்டம், சட்டத்தைத் தாங்கும் சுவர், சுவருக்கு அடித்தளம் என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் இணைப்புகளை வரிசையாகப் பாருங்கள். தகரம் சட்டத்தோடு நன்றாக இணைந்திருந்து, சட்டம் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே பறக்கும். சட்டத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையாலோ தடித்த கம்பியாலோ கட்டிவிட வேண்டும். துருப்பிடித்த திருகாணிகளை மாற்றும்போது இறவாணத்திலும் மூலைகளிலும் நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அஸ்பெஸ்டாஸ் தகடுகள் மிதித்தால் உடையும். அவற்றின்மேல் பலகை போடாமல் யாரும் கால் வைக்கக் கூடாது.

ஓட்டு வீடுகளில் ஓடுகள் தம் எடையாலேயே நிற்கின்றன. விளிம்பு வரிசைகளையும் முகட்டையும் சாந்து வைத்துப் பூசினால் போதும். காற்று அங்கே நுழையாவிட்டால் நடுவிலுள்ள ஓடுகள் பெரும்பாலும் தப்பிவிடும்.

கீற்றுக் கொட்டகைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடலோரக் குப்பங்களில் பழைய மீன்வலையைக் கூரையின்மேல் விரித்து, ஓரங்களை இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படிக்காதவர்கள் கண்ட நல்ல பொறியியல் இது! காற்றின் இழுவை ஒரு முடிச்சில் விழாமல் வலை முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. ஆனால் வலையின் ஓரங்களைக் கூரைக் கழியிலேயே கட்டினால் பாதிப் பயன்தான். தரையில் ஆழமாக அடித்த முளைகளில் கட்ட வேண்டும். அப்போது இழுவை மண்ணுக்குப் போய்ச் சேரும். மூலைக் கால்களுக்கு இடையே பெருக்கல் குறிபோல் இரண்டு குறுக்குக் கழிகளைக் கட்டுவதையும் மறக்கக் கூடாது. நாற்கரச் சட்டத்தை ஒரு மூலையில் தள்ளினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. வடிவியல் பாடம் வீட்டுக்கும் உதவுகிறது பாருங்கள்.

வீட்டை ஒட்டிய மரங்களையும் கவனிக்க வேண்டும். கஜா புயலில் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் தோப்புத் தோப்பாக விழுந்தன. மழையில் ஊறிய மண் வேரைப் பிடித்துக்கொள்ளாது. வீட்டருகே உள்ள தென்னையில் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் முன்கூட்டியே இறக்கிவிட்டால் உச்சியின் சுமை குறையும்; பறந்து வந்து தாக்கும் பொருள்களும் குறையும். முருங்கை போன்ற மென்மரங்களின் கிளைகளைக் கழித்துவிடலாம். முற்றத்தில் கிடக்கும் தகரத்துண்டு, வாளி, பலகை ஆகியவற்றை உள்ளே எடுத்து வையுங்கள்.

புயலின் கண்

நம் கோளப்பகுதியில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் உங்களுக்கு இடப்பக்கம், சற்று முன்னால் இருக்கும். டச்சு அறிஞர் பாய்ஸ் பாலட் 1857-இல் வெளியிட்ட விதி இது. வானொலி இல்லாமலே புயல் எங்கே இருக்கிறது என்று அறிய இதைவிட எளிய வழி இல்லை. (மரம் விழாத நேரத்தில் வாசலுக்குள் நின்று சோதியுங்கள்!)

புயலின் மையம் உங்கள் ஊரின் மேலேயே வந்தால், வடக்கிலிருந்து அடித்த பேய்க்காற்று திடீரென்று ஓயும். மழை நிற்கலாம், வானம்கூட வெளுக்கலாம். புயல் போய்விட்டது என்று எல்லாரும் தெருவுக்கு வருவார்கள். இதுவே புயலின் கண். கண்ணின் அகலம் 20 கி.மீ., புயல் நகரும் வேகம் மணிக்கு 20 கி.மீ. என்றால் இந்த அமைதி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்காது. கண்ணின் ஓரத்தில் உள்ள ஊருக்குப் பத்து நிமிடம்தான். அடுத்து, தெற்கிலிருந்து அதே பலத்துடன் காற்று திரும்பி அடிக்கும். முதலில் மறைவாக இருந்த பக்கம் இப்போது காற்றுப் பக்கம் ஆகிவிடும். ஆகையால் தாழ்ப்பாள்களை எல்லாப் பக்கமும் பலப்படுத்த வேண்டும். வானிலைத் துறை புயல் கடந்துவிட்டது என்று அறிவிக்கும் வரை வெளியே வரக் கூடாது.

கடல்நீர் வந்தால்

இதுவரை சொன்னவை காற்றுக்கு. காற்றை விடக் கொடியது புயலோடு சேர்ந்து பொங்கி வரும் கடல். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்தது அதுவே. பயணிகளோடு வந்த தொடர்வண்டியையும் அது விட்டுவைக்கவில்லை. 1977 நவம்பர் 19-இல் ஆந்திரத்தின் திவிசீமைப் பகுதியில் ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்துக்குக் கடல் ஏறியது. பத்தாயிரம் பேர் அளவில் மடிந்தனர்.

கடல் ஏன் ஏறுகிறது? காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயரும். 40 மில்லிபார் குறைந்தால் 40 செ.மீ.; அவ்வளவுதான். மீதி உயரம் முழுவதும் காற்றின் வேலை. பல நூறு கி.மீ. பரப்பிலிருந்து காற்று நீரைக் கரைநோக்கித் தள்ளுகிறது. ஆழமான கடலில் அந்த நீர் அடியில் திரும்பிப் போய்விடும். ஆழம் குறைந்த கரையோரத்தில் திரும்ப வழியில்லாமல் மேலே ஏறுகிறது. நம் கிழக்குக் கரையில், புயலின் கண் கரையேறும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசுவதால் அங்கேதான் இந்த ஆபத்து மிகுதி.

நம் வாய்பாட்டை நீருக்கும் போட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் நீர் 1000 கிலோ. எனவே 0.6-க்குப் பதில் 500. நீர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில், அதாவது மெல்ல ஓடும் ஒரு சிறுவனின் வேகத்தில் வந்தால், அழுத்தம் 500 × 2 × 2 = 2000 நியூட்டன்; 204 கிலோ எடை. காற்று இதே அழுத்தத்தைத் தர வேண்டுமானால் மணிக்கு 208 கி.மீ. வேகத்தில் வீச வேண்டும்! தாழ்ப்பாளும் கொக்கியும் வலையும் இதற்கு எதிரே நிற்கா. கடல் ஏறும் இடத்தில் உள்ள வீட்டுக்கு ஒரே ஆயத்தம்தான் உண்டு: நேரத்தோடு வெளியேறுதல்.

இதற்கு ஒடிசா நல்ல சான்று. 1999 அக்டோபர் 29-இல் வந்த பெரும் புயலில் அங்கே ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இறந்தனர். பெரும்பாலோர் கடல் ஏறிய சிற்றூர்களில் இருந்தவர்கள். 2013 அக்டோபர் 12-இல் ‘பைலின்’ என்னும் மிகக் கடும் புயல் அதே மாநிலத்தைத் தாக்கியது. இறந்தோர் 50 பேருக்கும் குறைவு. இடையில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. எச்சரிக்கை முன்னதாகவே ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பத்து இலட்சம் பேர் அளவில் புயலுக்கு முன்பே இடம் மாற்றப்பட்டனர்.

ஆகவே இப்போதே பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நம் தெருவுக்கு முன்பு எப்போதாவது கடல்நீர் வந்ததுண்டா? நமக்குரிய பாதுகாப்பு மையம் எது? எந்தச் சாலை தாழ்வானது, முதலில் மூழ்குவது? பாட்டியை யார் அழைத்துப் போவது? வானிலைத் துறை புயலுக்கு 48 மணி நேரம் முன் மஞ்சள் நிற அறிவிப்பும், 24 மணி நேரம் முன் ஆரஞ்சு நிற எச்சரிக்கையும் வெளியிடுகிறது. முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், நடக்க இயலாதோர் முன்னதாகவே, பகல் வெளிச்சத்தில் புறப்பட வேண்டும். “வீட்டைப் போட்டுவிட்டு எப்படி வருவது?” என்று தயங்கும் பெரியவர்களுக்கு அந்த 204 கிலோ கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். புறப்படுமுன் ஆடுமாடுகளின் கயிற்றை அவிழ்த்து விடுங்கள். கட்டிக் கிடக்கும் மாட்டுக்கு நீந்தத் தெரிந்தும் பயனில்லை.

அரிசியும் தண்ணீரும்

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் நீர் என்று வைத்தால், ஐந்து பேருக்கு ஐந்து நாளுக்கு 75 லிட்டர். 15 லிட்டர்க் குடம் ஐந்து. கஜாவுக்குப் பின் பல சிற்றூர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மின்சாரம் இல்லாவிட்டால் மேல்நிலைத் தொட்டிக்கும் நீர் ஏறாது. சமைக்காமல் உண்ணக்கூடிய அவல், பொரி, வறுத்த கடலை ஆகியவற்றைக் காற்றுப்புகா டின்னில் வையுங்கள். வீட்டில் அன்றாடம் மருந்து உட்கொள்பவர்களுக்குப் பத்து நாள் மருந்து, கைவிளக்கு, மின்கலத்தில் இயங்கும் வானொலி, முழுவதும் மின்னேற்றிய கைப்பேசி ஆகியவை வேண்டும். குடும்ப அட்டை, பட்டா, மதிப்பெண் சான்றிதழ்கள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு இறுகக் கட்டி, புறப்படும் பையில் வையுங்கள். உங்கள் பாடநூல்களுக்கும் ஒரு பை! மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077. அதைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

காற்று வலுக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். புயலுக்குப் பிறகு அறுந்து கிடக்கும் கம்பி எதுவானாலும் மின்சாரம் ஓடுவதாகவே எண்ணி விலகி நில்லுங்கள். தேங்கிய நீருக்குள்ளும் கம்பி இருக்கலாம். கடல்நீர் புகுந்த கிணற்றின் நீரைக் காய்ச்சினாலும் உப்புப் போகாது. அதை இறைத்துக் கொட்டிச் சுத்தம் செய்யும் வரை வேறு நீரைத்தான் குடிக்க வேண்டும். மற்ற நீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள ஒரு தகரக் கூரையின் நீள அகலங்களைக் கீழே நின்றபடியே அளந்து கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 6 கிலோ என்று கொண்டு கூரையின் எடையைக் காணுங்கள். மணிக்கு 120 கி.மீ. வேகக் காற்று அதை எவ்வளவு விசையுடன் தூக்கும்? (சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 68 கிலோ என்று வர வேண்டும்.) எடையைக் கழித்து, மீதியைத் திருகாணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பிறகு அந்தத் திருகாணிகளில் எத்தனை துருப்பிடித்தவை என்று எண்ணி, அவற்றை நீக்கிவிட்டு மறுபடியும் வகுங்கள். இரண்டு விடைகளையும் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.